ஓரகத்தி மின்சாரம்

ஊரெல்லாம் சுற்றிக் களைத்துவந்த மின்சாரம் கடைசிக் கம்பத்தில் வெறும் மூச்சாக மட்டுமே மிஞ்சும் ஒடுக்கத் தெருவில், மின்விசிறிகள் காற்றுக்காக அல்லாமல் கௌரவத்துக்காகச் சுழன்றுகொண்டிருந்த காலத்தில், பொற்கொடி தன் வீட்டுப் பழைய மெயின் போர்டைக் கழற்றிவிட்டு மூன்று பேஸுக்குப் பொருந்தும் புதுப் பெட்டி ஒன்றைச் சுவரில் பதிக்கப்போகிறாள் என்ற செய்தி, அவளுடைய ஓரகத்தி சௌந்தரநாயகிக்குப் பால்காரன் வாயிலாகத் தெரியவந்தது. செய்தியைக்கூடப் பொறுத்திருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கத்துச் சங்கதி பால்காரனிடமிருந்து வந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

இரண்டு வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடு. அண்ணன் கனகசபைக்கும் தம்பி அம்பலவாணனுக்கும் பாகம் பிரித்தபோது நடுக்கூடத்தில் ஒரு சுவர் எழும்பியது. சுவருக்குக் கிழக்கே கனகசபையும், உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வுபெற்ற அவர் மனைவி சௌந்தரநாயகியும் இருந்தார்கள். மேற்கே பொற்கொடி தனியாக இருந்தாள். ஏனெனில் அம்பலவாணன் கல்யாணமான நாள் தொட்டு மஸ்கட்டில் வேலையாக இருந்தான், ஆண்டுக்கொருமுறை மழையைப்போல வந்துபோனான், மழையைப்போலவே சில ஆண்டுகள் வராமலும் இருந்துவிட்டான். அவன் வராத ஆண்டுகளில் பொருள்கள் வந்தன. துணி துவைக்கும் இயந்திரம் வந்தது, வெந்நீர் ஹீட்டர் வந்தது, சுவரில் மாட்டும் ஏசி வந்தது, பேட்டரி ஸ்கூட்டர் வந்தது. இவற்றில் எதைப் போட்டாலும் பழைய தேக்குப் பலகையில் இருந்த பீங்கான் ப்யூஸ் கட்டை புகைந்து போகும். போனதும் பொற்கொடி சுவருக்கு மேலாக, "அக்கா, கட்டை போயிட்டு" என்று குரல் கொடுப்பாள். சௌந்தரநாயகி ஒரு முழம் கம்பியோடு போய், முக்காலியில் ஏறி, கட்டையை உருவி, கம்பியைச் சுற்றி, திரும்பச் செருகி, தெருவிலேயே ப்யூஸ் கட்டத் தெரிந்த ஒரே பெண்ணாக இறங்கி வருவாள். புதுப் பெட்டியில் கட்டையே கிடையாது என்றான் பால்காரன். குமிழ் விழுந்தால் யார் வேண்டுமானாலும் விரலால் தூக்கிவிடலாமாம்.

பெட்டியைப் பதிக்க வந்தவன் வயர்மேன் சங்குமணி. ஒரு காலத்தில் சௌந்தரநாயகியிடம் படித்து, எல்லாப் பாடத்திலும் தேறி அறிவியலில் மட்டும் தோற்றவன். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி அணிபவன். சுவரைக் குடைந்து, பழைய வயர்களை உருவிப் போட்டுவிட்டு, எர்த்துக் குழிக்கு மண் எங்கே என்று அவன் கேட்டபோதுதான், தன் பக்கத்தில் ஒரு கைப்பிடி மண்கூட வெளியே தெரியாமல் எல்லாவற்றையும் டைல்ஸ் போட்டு மூடிவிட்டது பொற்கொடிக்கு நினைவு வந்தது. அவள் கிழக்கு வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, எர்த்துக் குழி தோண்டணுமாம். உங்க கொல்லையில, கருவேப்பிலை மரத்து மூட்டுல தோண்டிக்கிடட்டுமா?"

"மண்ணுதானே கேக்க. தோண்டிக்கோ."

அப்படியாக, மேற்கு வீட்டுப் பெட்டியிலிருந்து கிளம்பிய செம்புக் கம்பி சுவரைத் தாண்டி வந்து, கரியும் உப்பும் கொட்டிய குழிக்குள், கிழக்கு வீட்டு மண்ணில் இறங்கியது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் ஒடுக்கத் தெருவார் காரணம் தேடி நேரத்தைச் செலவிடுகிறவர்கள் அல்லர்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வேலை முடிந்தது. கம்பத்திலிருந்து மூன்று பேஸ் லைன் இழுக்க முறைப்படி இன்னும் நாள் இருந்தது. ஆயினும் பொற்கொடி நல்ல நாளை விட மனமில்லாமல் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டி, தெருவை அழைத்திருந்தாள். சௌந்தரநாயகியும் போனாள். போகாவிட்டால் பேசுவார்கள். சாம்பல் நிற இரும்புப் பெட்டி, மணிக்கட்டு அளவு நெம்புகோல், வரிசையாகக் கறுப்புக் குமிழ்கள், உச்சியில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக மூன்று சிறு விளக்குகள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஆயுள் முழுக்கக் கேட்டும் அவளுக்குக் கிடைக்காத ஒழுங்கு அத்தனையும் இவள் வீட்டுச் சுவரில் சந்தனம் பூசிக்கொண்டு நின்றது. அவள் அதை நேருக்கு நேர் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு மஞ்சள். பிறகு நீலம். உள்ளறையில் ஏசி ஒருமுறை கூவிவிட்டு ஓட ஆரம்பித்தது.

"லைன் இன்னும் குடுக்கலியே" என்றான் சங்குமணி. இணைக்க வேண்டிய வயர் முனைகள் அவன் கையில்தான் இருந்தன.

"பின்ன எப்படிடே எரியுது?" என்று கேட்டார் தெருச் சங்கத் தலைவர் கோமதிநாயகம்.

சங்குமணி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். விளக்கைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான், மறுபடி விளக்கைப் பார்த்தான். "யாருக்கோ எரியுது, அண்ணாச்சி. அதான் எரியுது."

தமிழில் விளக்கும் எரியும், வயிறும் எரியும். இரண்டுக்கும் வினைச்சொல் ஒன்றே என்பதை ஒடுக்கத் தெரு அதுவரை பொருட்படுத்தியதில்லை. அன்று பொருட்படுத்தியது. யாரும் வாயைப் பிளக்கவில்லை, யாரும் சாமி என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. கோமதிநாயகம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "எத்தனை வீட்டுக்குத் தாங்கும்?"

தாங்கியது. துணிக்கொடிகளின் வழியாகவும் முருங்கைக் கிளைகளின் வழியாகவும் மேற்கு வீட்டுப் பெட்டியிலிருந்து வீடுவீடாக வயர்கள் போயின. வானொலிக்குக் கம்பத்து மின்சாரமும் கிரைண்டருக்கு டீச்சர் மின்சாரமும் என்று பெண்கள் பிரித்துக்கொண்டார்கள். டீச்சர் மின்சாரத்தில் அரைத்த மாவு நன்றாகப் பொங்கியது. சற்றுப் புளிப்பு மட்டும் கூடுதல் என்றார்கள். புது மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தால், குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்பதற்கு முன்னால், டீச்சர் லைன் உண்டா என்று கேட்டார்கள்.

தெருவில் வேறு யார் வாழ்ந்தாலும் சௌந்தரநாயகிக்கு எரியாது என்பதையும் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். கோமதிநாயகம் வேண்டுமென்றே அவள் வாசலில் நின்று, மகள் கனடாவில் வாங்கிய வீட்டை மாடிப்படி முதல் வர்ணித்தார். விளக்குகள் இமைக்கக்கூட இல்லை. "எந்த அட்சரேகை, தெரியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். சில்லறைப் பொறாமை அவளிடம் இல்லை. இருந்தது ஒன்று, அது ஒருத்தியின்மேல் மட்டும், கற்பைப்போலக் காக்கப்பட்டது. ஆகவே தெரு பொற்கொடியை உயர்த்தத் தொடங்கியது. அம்மன் கோயில் கொடை விழாவில் முதல் தாம்பூலம் அவளுக்குப் போனது. கல்யாண வீட்டில் அவள் வந்த பிறகுதான் இலை போட்டார்கள். அவள் எந்தச் சேலை உடுத்தினாலும், கிழக்கு வீட்டு ஜன்னலுக்கு எட்டும்படி யாராவது, "மஸ்கட்டுல எடுத்ததா தாயீ, கண்ணைப் பறிக்கு" என்றார்கள். சொன்னவுடன் தெரு முழுக்க மின்விசிறிகள் ஒரு சுற்று வேகம் கூடின.

இதெல்லாம் பொற்கொடிக்கு அச்சத்தைத் தந்தது. தெருவே கூடித் தன்மேல் கண் படவைப்பதை எந்தப் பெண்தான் பொறுத்துக்கொள்வாள்? ஒரு நாள் பெட்டியின் நெற்றியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினாள், வாசலில் பூசணிக்காயில் அரக்கன் முகம் எழுதித் தொங்கவிட்டாள், உப்பும் மிளகாயும் எடுத்துப் பெட்டியை மூன்றுமுறை சுற்றி அடுப்பில் போட்டாள். உப்பு வெடித்த அந்தக் கணத்தில் தெருவில் ஓடிய அத்தனையும் நின்றன. பாதி அரைத்த மாவோடு பெண்கள் வந்துவிட்டார்கள்.

"கண்ணு பட்டாத்தான் கரண்டு. கண்ணை வெரட்டிட்டுக் கரண்டுக்கு எங்க போக?" என்றார் கோமதிநாயகம், பூசணிக்காயைத் தம் கையாலேயே அவிழ்த்தபடி.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"தெரு உன் பக்கம் நிக்கும்மா."

"நான் படுத்துக்கிட்டா தெருவா வந்து கஞ்சி காய்ச்சும்?" என்று கேட்டாள் பொற்கொடி. பூசணிக்காய் போனதும் விளக்கு எரிந்தது, எல்லாரும் திரும்பிப் போனார்கள்.

சௌந்தரநாயகி இதையெல்லாம் அறியாதவள் அல்லள். தன் நெஞ்சுக்குள் இருப்பது ஊரார் வீட்டுக் கூரைகளில் வெளிச்சமாகத் தொங்குவதை அவள் தினமும் பார்த்தாள். அந்த வெளிச்சத்தில் அவர்கள் கீரை ஆய்ந்தார்கள். அவள் கட்டுப்பாட்டை நம்புகிறவள். கதவைச் சாத்திக்கொண்டு தனிம அட்டவணையை முதலிலிருந்து ஒப்பித்துப் பார்த்தாள். வெள்ளீயம் வரைக்கும் விளக்கு மங்கும், அதற்குள் தெருவில் எவளாவது பொற்கொடியின் வளையலைப் புகழ்ந்துவிடுவாள். இத்தனைக்கும் அவள் ஒருமுறைகூட நிதானம் தவறவில்லை, ஒரு சொல் தடித்துப் பேசவில்லை. சித்திரை பிறக்கும்வரை அவளால் அப்படி இருக்க முடிந்தது.

சித்திரையில் கனகசபை மேற்கே போனார். கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற, வியர்வைக்கும் மனைவிக்கும் மட்டுமே பயந்த மனிதர் அவர். "வேக்காடு தாங்கல சௌந்தரம். தம்பி வீட்டுல சித்த கண்ணசந்துட்டு வாரேன்" என்று ஒரு மத்தியானம் சொன்னார். அவள் செய்தித்தாளிலிருந்து தலையை உயர்த்தவில்லை. மறுநாள் மாலைக் காப்பியும் அங்கேயே ஆயிற்று. அதற்கடுத்த வாரம் சாப்பாடும். பிறகு ஒரு நாள் காலையில் அவர் தம் இலவம்பஞ்சுத் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெரு வழியாக மேற்கு வாசலுக்கு நடந்தார். அன்று ஒடுக்கத் தெருவில் பல்புகள் வெடித்தன, தெருமுனை மாவு மில் பொழுது அடையும்வரை நிற்காமல் ஓடியது, பக்கத்துத் தெருக்காரர்கள் தங்களுக்கும் ஒரு வயர் தரமுடியுமா என்று கேட்டு வந்தார்கள்.

அன்றைக்குத்தான் சௌந்தரநாயகி கணக்கைப் போட்டுப் பார்த்தாள். தன் எரிச்சல் பெட்டிக்குப் போகிறது, பெட்டியிலிருந்து ஏசிக்குப் போகிறது, ஏசி தன் புருஷனைக் குளிர்விக்கிறது, குளிர்ந்த புருஷன் திரும்பி வருவதில்லை, வராததால் தனக்கு எரிகிறது. கரும்பலகையில் எத்தனையோ முறை வட்டமாக வரைந்துகாட்டிய மூடிய சுற்று இதுதான். அவரைத் தன் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும்; கொண்டுவராவிட்டால் மீதி ஆயுள் முழுக்க அவரை அடுத்த வீட்டில் வைத்துக் குளிரூட்டுகிறவளாகத் தானே இருப்பாள். கூப்பிடுவது என்ற வழி அவள் எண்ணத்தில் தோன்றவே இல்லை. சுற்றை வேறு இடத்தில் துண்டிக்கலாம்: தன் வீட்டிலும் ஒரு புதுப் பெட்டி, ஒரு ஏசி. சங்குமணிக்கு ஆள் அனுப்பினாள்.

"பெட்டி ஸ்டாக் இல்ல, டீச்சர்."

"வடக்குத் தெருவுல நேத்து ஒண்ணு மாட்டியிருக்க."

"அது வேற சைஸ், டீச்சர். உங்க சுவருக்கு ஒத்துக்கிடாது."

"படிக்கும்போதும் இப்படித்தான். கேள்வி எதுவா இருந்தாலும் பதில் ஒண்ணுதான்."

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். வெளியூரிலிருந்து அவள் வரவழைத்த வயர்மேன்களைத் தெருமுனையிலேயே நிறுத்தி, காப்பி கொடுத்து, வாழைப்பழம் கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பினார்கள். கடைசியில் கோமதிநாயகமே நாலு பேரோடு வந்து, உட்காரச் சொல்லாததால் நின்றபடியே பேசினார்.

"டீச்சர் படிச்சவிய. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ரெண்டு வீடும் ஒண்ணுபோல ஆயிட்டா நீங்க நிம்மதி ஆயிருவிய. நீங்க நிம்மதி ஆயிட்டா எங்க பாடு என்ன ஆவது?"

"உங்க வீட்டு மிக்ஸி ஓடணும். அதுக்கு அவுக அங்க கெடக்கணும். அப்படித்தானே?"

"கெடக்காவன்னு ஏன் சொல்லுதிய. அண்ணாச்சிக்கு அங்க சொகமாத்தானே இருக்கு."

அவர் பின்னால் நின்றவர்களின் முகம், எங்கிருந்தோ விழுந்த வெளிச்சத்தில் ஒரு கணம் பளிச்சிட்டது. கோமதிநாயகம் திருப்தியோடு விடைபெற்றார்.

அக்கினி நட்சத்திரத்தின் நடுவில், காகங்கள்கூட நிழலைவிட்டு நகராத ஒரு மத்தியானத்தில், சௌந்தரநாயகி சேலையைத் திருத்திக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கி மேற்கு வாசலுக்குப் போனாள். ஜன்னல்களில் முகங்கள் தோன்றின. உள்ளே போய் அந்தச் சொகத்தைக் கண்ணால் பார்த்தால் வோல்டேஜ் எங்கே போய் நிற்கும் என்று தெரு கணித்தது. கணித்தவுடன் கிரைண்டர்களில் அரிசி விழுந்தது, ஹீட்டர்கள் போடப்பட்டன, ஸ்கூட்டர்கள் சார்ஜில் மாட்டப்பட்டன.

கூடத்தில், அடுக்களை நிலைப்படியோரம், பொற்கொடி வெறுந்தரையில் உட்கார்ந்து மடித்த காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். ரவிக்கை முதுகு முழுக்க நனைந்திருந்தது. முகம் வேர்க்குருவால் சிவந்திருந்தது. ஓரகத்தியைக் கண்டதும் எழுந்தாள்.

"நீ ஏன் இங்க இருக்க?"

"ரூமுல பெரியத்தான் இருக்காவல்லா அக்கா. அவுக இருக்கிற இடத்துல நான் எப்படி உள்ள போயி உக்கார?"

"இத்தனை நாளும் இங்கேயா இருந்த?"

"ஆமா."

"எந்திச்சுப் போங்கன்னு சொல்ல வேண்டியதுதானே."

"வந்தவுகளைப் போங்கன்னு சொல்லுவாகளா?" என்றாள் பொற்கொடி. தம்பி மனைவி கணவனின் அண்ணன் முன் உட்காராத வழக்கத்தை இந்த வீட்டுக்கு வந்த நாளில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் சௌந்தரநாயகிதான்.

அவள் அறைக் கதவைத் தள்ளினாள். குளிர் முகத்தில் அறைந்தது. கட்டிலில் கனகசபை காதுவரை போர்வையைச் சுற்றி, தலையில் கம்பளிக் குல்லாய் மாட்டி, முழங்காலைத் தாடைவரை மடக்கி, கண்விழித்துக் கிடந்தார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"உறங்கலையா?"

"பல்லு தந்தியடிக்குது சௌந்தரம். உறக்கம் எங்க வர."

"கூட்டிக் கொறைக்க ஒரு சாமான் உண்டே."

"அது என்ன அமுக்கினாலும் கேக்க மாட்டேங்கு. நாளுக்கு நாள் கூடிக்கிட்டேதான் போவுது. ஏன்னே தெரியல."

ஏன் என்று அவளுக்குத் தெரியும். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "வீட்டுக்கு வர வேண்டியதுதானே?"

"நீ கூப்பிடலியே."

"கூப்பிட்டாத்தான் வருவியளோ?"

"தலையணைய எடுத்துக்கிட்டு வாசல்வரைக்கும் மெதுவாத்தான் நடந்தேன்" என்றார் கனகசபை, மூக்கை உறிஞ்சியபடி. "எங்க போறியன்னு ஒரு வார்த்தை கேப்பன்னு பாத்தேன். நீ பேப்பரைத் திருப்பின."

சௌந்தரநாயகிக்கு முதலில் கோபம் வந்தது. கோபம் வந்த இடத்தில் வேறு எதுவும் இல்லாததை உணர்ந்தாள். இத்தனை மாதமாக அவளை விழித்தெழச் செய்து, நடக்கச் செய்து, நிமிர்ந்து உட்காரச் செய்த அந்தச் சூடு, வேர்க்குருவோடு தரையில் கிடந்த ஒருத்திக்கும் குல்லாய் மாட்டி நடுங்கிய ஒருவருக்கும் நடுவில், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் வடிந்துவிட்டது. சுவரில் ஏசி முனகியது, சொட்டியது, நின்றது. கூடத்துச் சுவரில் மூன்று விளக்குகளும் அணைந்தன. பிறகு தெருவில் ஒவ்வொரு வீடாக, கிரைண்டரும் மிக்ஸியும் மோட்டாரும் இழுத்து இழுத்து ஓய்ந்தன.

"கரண்டு போயிட்டா?" என்றார் கனகசபை.

"போயிட்டு. எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்."

தெரு முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டிருந்தது. மாவுக் கையோடு பெண்கள், பாதிச் சவரத்தில் ஆண்கள், கறுப்புக் கண்ணாடியோடு சங்குமணி. "டீச்சர், இப்படிச் செஞ்சிட்டியளே" என்றார் கோமதிநாயகம், களவு கொடுத்தவரைப்போல. சௌந்தரநாயகி தலையணையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். குளிரில் முடங்கிக் கிடந்த முழங்கால்கள் நிமிர மறுத்ததால், கனகசபை ஒரு கையை அவள் தோளில் வைத்து, இன்னொரு கையால் குல்லாயைக் கழற்றியபடி நடந்தார். கணவனும் மனைவியும் தொட்டுக்கொண்டு நடப்பது ஒடுக்கத் தெருவில் வழக்கமில்லை. அவள் அந்தக் கையை விலக்கவில்லை. வெயிலில் அது மெல்ல மெல்லச் சூடேறுவதைத் தோளில் உணர்ந்துகொண்டே நடந்தாள். பொற்கொடி நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

கிழக்கு வாசற்படியை அவர்கள் மிதித்தபோது தெருவில் ஒரு மோட்டார் உறுமியது. பிறகு எல்லாம் ஓடின. வெடிப்பும் துடிப்பும் இல்லாத, சீரான, ஆழமான மின்சாரம். நெடுநாள் தேங்கிக் கிடந்த நீர் மடை திறந்து வந்ததைப்போல வந்தது. மேற்கு வீட்டுக் கூடத்துச் சுவரில் சிவப்பும் மஞ்சளும் நீலமும் பகல் வெளிச்சத்தையும் மீறித் தெரிந்தன. "வந்துட்டு, வந்துட்டு" என்று எல்லாரும் உள்ளே ஓடினார்கள். எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சௌந்தரநாயகி திரும்பிப் பார்த்தாள். காலியான தெருவில் பொற்கொடி மட்டும் இன்னும் நின்றாள். அவள் கண் சௌந்தரநாயகியின் முகத்தின்மேல் இல்லை. தோளின்மேல், அதில் கிடந்த கையின்மேல் இருந்தது.

ஒரு கணம் அந்தப் பார்வை இனித்தது. மறுப்பதற்கில்லை. ஆனால் தெருவுக்காக எரிந்து பழகியவளுக்குத் தெருவின் அடுத்த அடி தெரியும்: நாளை கோமதிநாயகம் நாலு பேரோடு வந்து, அண்ணாச்சியும் டீச்சரும் தினமும் மாலையில் கைகோத்து நடந்தால் நல்லது என்பார், அம்பலவாணனுக்கு ஊர் வர வேண்டாம் என்று எழுதிப்போட்டாலும் போடுவார்.

"பொற்கொடி."

"என்னக்கா."

"மெயினை அணைச்சிட்டு வா. சோறு வைக்கப்போறேன். அவுக சாப்பிட்டு எந்திக்கட்டும், நாம ரெண்டு பேரும் உக்காருவோம்."

பொற்கொடி தெருவின் நீளத்தைப் பார்த்தாள். "எல்லாரும் மாவு போட்டிருக்காவ அக்கா."

"கையிருக்குல்லா, ஆட்டுவாவ. நீ அணைச்சிட்டு வா."

அவள் உள்ளே போனாள். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நெம்புகோல் விழும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது, தெரு ஒரே குரலில் கூப்பாடு போட்டது. சௌந்தரநாயகி அரிசியைக் களைந்து, இரண்டு பேருக்குப் போடுகிற உலையில் மூன்று பேருக்குப் போட்டாள்.